பார்க்க ஆறு கொட்டை

அன்று மலை மடத்தில் இருந்தவர்கள்: குரு பொற்கொடியம்மா, அவரைவிடப் பத்து வயது மூத்த சீடர் திருமேனி, கப்பலில் சமைத்துவிட்டு இங்கே சமைக்க வந்த லூர்து, ஒரு பூனை.

திருமேனி பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மா, முப்பது வருஷத்துக்கு முந்தி ஒரு பெண்ணை வேண்டாம்னு சொன்னேன். கட்டியிருந்தா எப்படி இருந்திருப்பேன்னு மனசு அரிக்குது. அவ வீட்டைத் தூரத்துல நின்னு பார்த்துட்டு வந்துடறேன்."

மலை இறங்கியவர் மறுபடி சேர ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அது மடத்து வழக்கம். அவருக்கும் தெரியும்.

"உட்காருங்க," என்றார் குரு. "லூர்து, அந்தக் கப்பல் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுங்க."

லூர்து ஆளுக்கு இருபது புளியங்கொட்டை எண்ணி வைத்தார்.

"இது போக்கர்ண்ணே. ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவுல ஒரு கொட்டை வைக்கணும். ஆளுக்கு ரெண்டு சீட்டு, ரகசியம். நடுவுல அஞ்சு, பொது. தைரியம் இருந்தா மேல போடுங்க. ஒருத்தர் போட்டா, அவர் சீட்டைப் பார்க்க நீங்களும் அதே அளவு போடணும். இல்லேன்னா சீட்டைக் கவுத்துட்டு ஒதுங்குங்க."

முதல் ஆட்டத்தில் திருமேனி ஒதுங்கினார். ரம்மி ஆடிப் பழகிய கை. தன் சீட்டை விரித்து வைத்துவிட்டு, குருவும் விரிப்பார் என்று காத்திருந்தார். குரு தன் சீட்டைக் கவிழ்த்தபடியே சீட்டுக்கட்டுக்குள் செருகினார்.

"காட்ட மாட்டீங்களா?"

"அது ரம்மியிலண்ணே," என்றார் லூர்து.

இரண்டாம் ஆட்டத்தில் திருமேனி, பார்த்தே தீர்வது என்று மேலே எட்டுக் கொட்டை போட்டார். பார்த்தார். குருவிடம் இரண்டு ராஜா. எட்டும் போயிற்று.

மூன்றாவதில் குரு ஆறு கொட்டையை நகர்த்தினார். திருமேனியிடம் இரண்டு ஒன்பது. வெகுநேரம் யோசித்து, ஒதுங்கினார். குருவின் சீட்டு கட்டோடு கலந்தது.

"என்ன வச்சிருந்தீங்க? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

"பார்க்க ஆறு கொட்டை."

"இந்தாங்க ஆறு."

லூர்து சிரித்துவிட்டார். "கப்பல் போனப்புறம் டிக்கெட் எடுக்கறாரு!"

குரு அந்த ஆறு கொட்டையை அவரிடமே திரும்பத் தள்ளினார். "அம்பத்திரண்டுல எந்த ரெண்டுன்னு இனிமே அந்தக் கட்டுக்கே தெரியாது."

லூர்து அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டார்.

திருமேனி பையைப் பார்த்தார். "அப்ப நான் போகவா, வேண்டாமா?"

"உங்க முன்னால ரெண்டு சீட்டு கவுந்து கிடக்கு," என்றார் குரு. "அதை இன்னும் எடுத்துப் பார்க்கலையே நீங்க."

திருமேனி ஒரு கொட்டையை நடுவில் வைத்தார்.

மிச்சம் எட்டு.