கடைமடைக்கு முதல் முறை

கெட்டவன் ஒருவனாவது இருந்தால் இந்தக் கதையைச் சொல்வது சுலபம். அப்படி ஒருவன் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பொறுமையாகக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஒரே வாய்க்காலில் இரண்டு ஊர்கள். தண்ணீர் புகும் தலைப்பில் மேல்வலசு, அது கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் கீழ்வலசு. இரண்டு ஊர்ச் சாக்கடையும் அதில்தான் விழுந்தது. முக்கால்வாசி மேல்வலசுடையது. அதுவே கீழ்வலசுக் கிணறுகளில் ஊறியது. சுத்திகரிப்பு நிலையம் கட்ட அரசாங்க நிதியொன்று கடன் தர முன்வந்தது. ஆனால் அது சுற்றி வரும் பணம். ஓர் ஊர் வாங்கித் திருப்பிச் செலுத்தினால்தான் அடுத்த ஊருக்குக் கிடைக்கும்.

யாருக்கு முதலில்? மேல்வலசுத் தலைவர் சென்னியப்பன் யோசிக்கவேயில்லை. "தண்ணி பத்தாத வருசம் கடைமடைக்குத்தானுங்க முதல் முறை. அழுக்குப் பண்ணுனது நாங்க. அவங்களே முதல்ல வாங்கிக்கட்டும்" என்றார். கீழ்வலசுத் தலைவர் நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டு ஒப்புக்கொண்டார்.

நிதி அலுவலகப் பொறியாளர் தேவசகாயம் மட்டும், "சாக்கடை மேலேயிருந்துதானே வருது?" என்று மெல்லக் கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டு ஊரும் ஒத்துப்போவதே அபூர்வம், நாம் ஏன் நடுவில் புகுந்து கெடுக்க வேண்டும் என்று அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கீழ்வலசு நிலையம் கட்டியது. தன் சாக்கடையை ஒழுங்காகச் சுத்தம் செய்தது. மேல்வலசுச் சாக்கடையோ பழையபடி வந்து கிணறுகளில் ஊறியது. அங்கே கட்ட வேண்டுமானால் கீழ்வலசுக் கடன் தீர வேண்டும். அதற்காக வீட்டுக்கு வீடு வரி வசூலித்தார்கள். பூங்கொடி என்ற கைக்குழந்தைக்காரி ஒரு தவணைகூடத் தவறவில்லை. கடன் சீக்கிரம் தீர்ந்தால் மேலே கட்டுவார்கள், பிள்ளைக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டினாள்.

கடன் தீருமுன்பே அந்தப் பிள்ளை வயிற்றுப்போக்கில் போய்விட்டது.

பூங்கொடி அழவில்லை. தெருமண்ணை ஒரு கை வாரிக்கொண்டு கிளம்பினாள். வயிறெரிந்தவள் வாசலில் மண் தூற்றிச் சபிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதலில் நாச்சிமுத்து வாசல். "நல்லது நெனச்சுத்தான் வாங்குனேன் தாயி" என்று அவர் அழுதார். அங்கிருந்து மேல்வலசுக்கு நடந்தாள். "விட்டுக்குடுத்தது தப்பாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சென்னியப்பன் தலைகுனிந்து நின்றார். மண் அவள் கையிலேயே இருந்தது.

"அப்ப நான் யாரைத்தானுங்க சபிக்கறது?" என்றாள்.

வாங்கிக்கொண்டவரா, விட்டுக்கொடுத்தவரா, கையெழுத்துப் போட்டவரா? அந்த மண் யார் வாசலில் விழ வேண்டும்?

விடை: தலைவர்கள் இருவரும் தண்ணீருக்குரிய நியாயத்தைச் சாக்கடைக்குப் பேசினார்கள். தண்ணீர் என்றால் கடைமடை முதலில். சாக்கடை என்றால் தலைப்புதான் முதலில். அந்த வித்தியாசம் தெரியாமல், பாசத்தில் தவறினார்கள். தேவசகாயத்துக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு தடவை மெல்லக் கேட்டதோடு வாயை மூடிக்கொண்டார். மண் அவர் வாசலுக்குரியது. ஆனால் அவருக்கு மாற்றலாகிவிட்டது. இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று பூங்கொடிக்குச் சொல்ல ஆளில்லை.