ரெக்சினுக்கு அடியில்

ஆறுமுகநேரியில் ஒரு குடும்பத்தின் வெள்ளை வேன், வாங்கி மூன்று வருஷம் முடிவதற்குள் தரை ஓட்டையாகிவிட்டது. ஊசி நுழையும் ஓட்டை என்றா நினைக்கிறீர்கள்? முழங்கால்வரை ஒரு கால் உள்ளே போனது. போனதும் பிள்ளைத்தாய்ச்சியின் கால். நடந்ததை அப்படியே சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

வண்டியை வாங்கியவர் லிங்கதுரை, கருப்பட்டி மொத்த வியாபாரி. எதிராளிக்கு வியர்த்துக் கொட்டும்வரை பேரத்தை விடாத ஆள். வண்டி எடுக்கும் அன்று விற்பனைக்காரன் பணிவாகத்தான் சொன்னான். “அண்ணாச்சி, உங்களுது உப்புக்காத்து அடிக்கிற ஊரு. அடிப்பாகத்துக்குத் துருப்பிடிக்காம ஒரு பூச்சு இருக்கு, அடிச்சிருங்க.”

“குனிஞ்சு பாத்தாலும் தெரியாத இடத்துக்கு எதுக்குய்யா பூச்சு? அந்தக் காசுக்கு உள்ள நல்ல விரிப்பா போட்டுக் குடு. ஏறுறவன் கண்ணுல படணும்லா!”

பேரம் ஜெயித்தது. தரை முழுக்கக் கனத்த ரெக்சின், ஓரமெல்லாம் பசை வைத்து ஒட்டியாயிற்று. ஒட்டு விட்டுவிடும் என்று அதை யாரும் தூக்கிப் பார்க்க லிங்கதுரை விடவில்லை.

அவர் மனைவி தங்கவடிவுக்குத் திருஷ்டி பயம். புது வண்டி, ஊர்க்கண் எல்லாம் அதன்மேல். உப்பளம் பக்கத்திலேயே இருக்கும்போது கல்லுப்புக்கு என்ன பஞ்சம்? அமாவாசைதோறும் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரில் உப்பைக் கரைத்து வண்டிக்கு வெளியே ஊற்றுவாள், உள்ளேயும் தெளிப்பாள். துடைக்க மாட்டாள். துடைத்தால் பலன் போய்விடுமாம், தானாகக் காய வேண்டுமாம்.

வண்டியை ஓட்டியது லிங்கதுரையின் தம்பி சுயம்பு. கதவுக்குக் கீழே பெயின்ட் அம்மைக் கொப்புளம்போல உப்பியிருந்ததை முதலில் பார்த்தவன் அவன்தான். நகத்தால் அமுக்கினான். பெயின்ட் பொருக்கோடு பழுப்புத் தூளும் கொட்டியது. படுத்துக்கொண்டு அடியில் பார்த்தான். நடு சீட்டின் இடப்பக்கத்தில் கட்டைவிரல் போகும் அளவுக்குத் தகரம் அரித்திருந்தது. போன தடவை பம்பரில் ஒரு கீறல் விழுந்ததற்கே அண்ணன் பஜாரில் எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருந்தார். சுயம்பு ஓட்டையில் பட்டிப் பசை வைத்து அடைத்தான். கொப்புளத்தின்மேல் வெள்ளை ஸ்பிரே அடித்து, அதன்மேல் வேல் படம் போட்ட ஸ்டிக்கரையும் ஒட்டினான். அண்ணனுக்குத் தெரியாமல் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்துவிடலாம் என்பது அவன் கணக்கு. அதற்கு நேரம் வாய்க்கவில்லை.

அதற்குள் தங்கை சண்முகக்கனிக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டுப் பிரசவத்துக்கு அழைத்துவர மூவரும் அவளைக் கட்டிக்கொடுத்த சாத்தான்குளம் போனார்கள். ஏறும்போது சுயம்பு மெதுவாகச் சொன்னான். “கனி, இந்தப் பக்கம் உக்காராத. அந்தப் பக்கம் போ.”

அவளும் வலப்பக்கம் உட்கார்ந்தாள். பாதி வழியில் முகத்தில் வெயில் அடித்தது, இடப்பக்கம் நகர்ந்துகொண்டாள். சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த சுயம்பு அதைக் கவனிக்கவில்லை. ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றினாள், ஊன்றிய இடத்தில் ரெக்சின் கிழிந்தது.

பின்னால் பைக்கில் வந்தவர் அவள் கணவர் பால்துரை. வேனுக்கு அடியில், ஓடுகிற தார் ரோட்டுக்கு மேல், கொலுசு போட்ட ஒரு கால் தொங்குவதைக் கண்டார். அது யார் கால் என்று மனதில் பதியுமுன்பே வாயிலிருந்து அலறல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில், முழங்கால் தோல் உரிந்ததோடு போயிற்று, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பால்துரை வெளியே வந்து, வேனின் ரெக்சினைப் பிய்த்து இழுத்தார். அடியில் மஞ்சள் சேறு. அதில் உப்புப் பொருக்கு. தரைத் தகரம் கருகின அப்பளம்போலக் கையோடு வந்தது.

முதலில் லிங்கதுரைக்குத்தான் வாய் திறந்தது. “ஏட்டி, உப்பையா கொண்டு ஊத்துன?”

“ஊத்துனது நாந்தான். தண்ணி தானா காஞ்சிரும்னு விட்டேன். காய விடாம ஒட்டிவச்சது யாரு?” என்றாள் தங்கவடிவு.

“ஏல சுயம்பு, தினம் ஓட்டுறவன் நீ. உன் கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?”

சக்கர நாற்காலியில் இருந்த கனி கேட்டாள். “சின்னண்ணே, அந்தப் பக்கம் உக்காராதன்னியே, ஏன்?”

“பெரியண்ணன் அடிக்கும்னு பயந்துட்டேன் கனி.”

பால்துரை ரெக்சினைக் கீழே வீசினார். “தப்பு யாரு மேலயோ, பிள்ளை பொறக்கிற வரைக்கும் அவுக இவ பக்கத்துல வரக்கூடாது. மத்த ரெண்டு பேரை நம்பி அனுப்புதேன். யாருன்னு இவளே சொல்லட்டும்.”

பூச்சை மறுத்த பெரியண்ணன். பிரசவம் பார்க்கப்போகிற மதினி. சின்ன வயதிலிருந்து அவளை இடுப்பில் தூக்கிச் சுமந்த சின்னண்ணன். கனி யார் பேரைச் சொல்ல வேண்டும்? சொல்லுங்கள்.

விடை: சுயம்பு பேரைத்தான். லிங்கதுரை செய்தது கஞ்சத்தனம், தங்கவடிவு செய்தது அறியாமை. தகரம் அரிப்பது இருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சுயம்பு. தெரிந்தும் தங்கையை ஏற்றினான். இடம் மாறி உட்காரச் சொன்ன வாய்க்கு, ஏறாதே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அண்ணன் அறைந்தால் கன்னம் வீங்கும், ரெண்டு நாளில் வற்றும். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் எது வற்றும்? கனியும் அழுதுகொண்டே சின்னண்ணன் பேரைத்தான் சொன்னாள். தப்பித்தோம் என்று மூச்சு விட்ட லிங்கதுரையைப் பார்த்து இன்னொன்றும் சொன்னாள். “நீங்க வாங்க பெரியண்ணே. அடிக்கிற அந்தக் கையக் கட்டிக்கிட்டு வாங்க.”