கூப்பிட்ட குரல்

திருமூர்த்தி மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம். அன்றிலிருந்து பறவைப் பைத்தியம். சொல்லிக் கொடுக்க அமைந்த குருவோ, அவர் மகன் வயசுப் பெண், கலாமணி. குளத்துப் பூங்காவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் டீச்சர். அவருக்கும்தான்.

மார்கழிப் பனியில் மூன்று ஞாயிறு இருவரும் கோரைப் புதருக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு சின்னக் காணான்கோழி இருந்தது. பனிக்காலத்துக்கு மட்டும் இமயமலை தாண்டி வருகிற பறவை. அது வெளியே தலைகாட்டினால் திருமூர்த்தி பார்த்ததில் நூறாவது. நூறு ஆகாமல் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாவது ஞாயிறு டீச்சர் வரத் தாமதம். சும்மா இருப்பாரா? செல்போனில் அதே பறவையின் குரலைப் போட்டுவிட்டார். இரண்டே நிமிஷம். துணை கூப்பிடுகிறது என்று நம்பி, கோரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தது. இங்கே பார்த்தது, அங்கே பார்த்தது. யாரையும் காணோம். உள்ளே போய்விட்டது.

டீச்சர் வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"நூறு அடிச்சாச்சுங்க டீச்சர்!"

"எப்படி வந்துச்சு?"

போனைக் காட்டினார். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"கூப்பிட்டேன், வந்துச்சு, பார்த்தேன். இதுல அதுக்கு என்னங்க கெட்டுப்போச்சு?" என்று கேட்டார்.

கலாமணி கொஞ்ச நேரம் பைனாகுலரைத் துடைத்தாள்.

"அட, சொல்லவே மறந்துட்டேன். உங்க பையன் கேட்டுல நிக்கிறாருங்க. கனடாவுல இருந்து நேரா இங்கதான் வர்றாராம்."

மகன் போய் நாலு வருஷம். டிசம்பருக்கு டிசம்பர் வருகிறேன் என்பான், வரமாட்டான். திருமூர்த்தி கழற்றி வைத்த செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். முழங்கால் வலி எங்கே போனதோ!

கேட்டில் வாட்ச்மேன் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தார். திருமூர்த்தி ரோட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். ஒரு ஆட்டோகூட நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்துகொண்டன.

"இதுலயா விளையாடுவீங்க? நாலு வருஷமாக் காத்துட்டிருக்கறவன்கிட்டயா?"

கலாமணி எழுந்து நின்றாள்.

"மன்னிச்சுருங்க சார். பையன் வரலை, நான் சொன்னது பொய். உங்ககிட்டச் சொல்லிட்டேன்," என்றவள் கோரைப் பக்கம் திரும்பினாள். "அதுகிட்ட யாருங்க சொல்றது?"