போர்வைக்குள் ஒரு கோழி

செத்த கோழிகளை அள்ளி அள்ளிப் பொங்கியண்ணனுக்குக் கை ஓய்ந்துபோயிற்று.

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். குன்றுமேல் இருக்கும் சடையப்ப சாமியின் சீடர். சாமி சொன்னாரென்று கம்பிக் கூண்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோழிகளைக் கொட்டகைத் தரையில் விட்டார். சிறகை விரிக்கக்கூட இடமில்லாமல் கிடந்த சீவன்கள் நடந்ததைப் பார்த்து அன்றைக்கு அழுதேவிட்டார்.

அந்த அழுகையெல்லாம் எந்த மூலைக்கு? இப்போது ஒன்றையொன்று கொத்திக் கொன்றன. முட்டையிட உட்காரும் கோழியின் பின்பக்கம் சிவப்பாகத் தெரிந்தால் போதும், ஒன்று கொத்தும். ரத்தம் கண்டதும் கூட்டமே பாயும். பாவம் பார்க்கப் போய்ப் பாவம் சேர்ந்த கதை.

பொழுது விடிந்ததும் சாமியைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

"கூண்டுல இருந்தவரைக்கும் உசிராவது இருந்துச்சுங்க சாமி. எனக்கு முடியலைங்க. கொத்தாம இருக்க மூக்கு நுனியை வெட்டட்டுங்களா, மறுபடி அடைக்கட்டுங்களா? பையன் கூண்டுக்காரனை வரச் சொல்லிட்டான்."

சாமி குன்றிறங்கி வந்த கால்வலியோடு சுவரோரமாக உட்கார்ந்து, போர்வையை முழங்கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். கொட்டகை முழுக்க லைட் பளீரென்று எரிந்தது; மறைவாக ஒரு மூலைகூட இல்லை.

ஒரு வெள்ளைக் கோழி நிலைகொள்ளாமல் அலைந்தது. உட்காரும், எழும், சுவரை முட்டும். போர்வைக்கடியில் தலையை விட்டுப் பார்த்தது. பிறகு முழுசாக உள்ளே போய்விட்டது.

"விரட்டுங்க சாமி, அசிங்கம் பண்ணிப்போடும்!"

"சும்மா இருப்பா."

மற்றக் கோழிகள் தம்பாட்டுக்குத் தரையைக் கிளறின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கோழி கொக்கரித்துக்கொண்டு வெளியே வந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. சாமி முட்டையை எடுத்துச் சூடு ஆறுமுன் பொங்கியண்ணன் கையில் வைத்தார்.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது.

"கூண்டுக்காரன் வந்துட்டானுங்க. எந்திரிங்க சாமி. அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சாமி எழவில்லை. அதற்குள் இன்னொரு கோழி போர்வைக்குள் நுழைந்திருந்தது. நாலைந்து கோழிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு எதிரே நின்றன.

"எங்கப்பா எந்திரிக்கிறது?" என்றார் சாமி. "எங்கிட்ட இருக்கிறது ஒரே போர்வை. தீவனச் சாக்கு கிடந்தா ஓடிப்போய் எடுத்துட்டு வா."