ஜிகினா யாளி

தூத்துக்குடியில் ஒரு பேக்கரியின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் கார்டு ஆடுகிறவர்கள் கூடுவார்கள். ரம்மி இல்லை. மிருகங்களை இறக்கி மோதவிடும் ஆட்டம். அவரவர் தமக்கு வேண்டிய கார்டுகளைத் தேடிச் சேர்த்து, தம் கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வரவேண்டும். கட்டுக்குள் எது எங்கே கிடக்கிறது என்பது யாருக்கும் தெரியக்கூடாது. அதுதான் ஆட்டத்தின் உயிர்.

அங்கே ஜெசிந்தா மச்சாதுவை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருடம் எம்.எஸ்சி. முடித்த பெண். பேசுவது குறைவு, தோற்பது அதைவிடக் குறைவு. போட்டிகளுக்கு மட்டும் போகமாட்டாள். அவளிடம் ஆட்டம் கற்க வந்தவர்களில் மூத்தவர் தங்கப்பழம் அண்ணாச்சி. அவளுக்கு அப்பா வயது. பஜாரில் எவர்சில்வர், பித்தளைப் பாத்திரக்கடை வைத்திருந்தார். மகனுக்குத் துணையாக ஆட உட்கார்ந்தார். மகன் அலுத்துப்போய் எழுந்துவிட்டான். இவரை ஆட்டம் பிடித்துக்கொண்டது.

அண்ணாச்சியின் கட்டில் ஒரு யாளி இருந்தது. கடல்கோள் யாளி என்று பெயர். ஒரு கட்டில் ஒன்றுக்கு மேல் வைக்கக்கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள், அவ்வளவு பலம். அது இறங்கினால் எதிராளி பாதி செத்தான். அதிலும் அண்ணாச்சியுடையது ஜிகினா அச்சு. கொழும்பிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்தால் பிடரிமயிர் மொத்தமும் தீப்பிடித்ததுபோல மினுங்கும். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அண்ணாச்சி அதை எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பேர்ப்பட்ட யாளி, மதுரை நகுலனோடு ஆடும்போது மட்டும் கைக்கே வராது.

தென்மாவட்டப் போட்டியில் ஜெயிக்கிற ஒருவர்தான் சென்னைக்கு ஆடப் போகலாம். ஒவ்வொரு வருடமும் அண்ணாச்சி கடைசி ஆட்டம் வரைக்கும் போவார். எதிரே நகுலன் உட்கார்ந்திருப்பான். யாளி வராது. நகுலன் சென்னைக்குப் போவான்.

இந்த வருடப் போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. "இந்தத் தடவையும் தோத்தா கட்டைக் கொண்டுபோய்க் கடல்ல வீசிருதேன்" என்று அண்ணாச்சி வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். சொன்னால் செய்துவிடுகிற ஆள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"மத்தவங்களோட ஆடும்போது யாளி நல்லாத்தான் வருது. நகுலன் முன்னால மட்டும் ஏன் வரமாட்டேங்குது? எனக்கு ராசியில்லையா, அதுக்கு மனசில்லையா?"

மாஸ்டர் தேநீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

"உங்க கட்டைக் கலைச்சு இங்க வைங்க."

அண்ணாச்சி கை வலிக்கும்வரை கலைத்து, மேசை நடுவே குப்புற வைத்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஒரு விரல் மட்டும் கட்டின் பக்கவாட்டில் மெதுவாக ஏறியது. ஓரிடத்தில் நின்றது. மேல்பாதியைத் தூக்கித் திருப்பிக் காட்டினாள்.

அடிக் கார்டாக யாளி மினுங்கியது.

"எங்கே, இன்னொரு தடவை!" என்றார் அண்ணாச்சி. முன்னைவிடப் பலமாகக் கலைத்தார். விரல் ஏறியது, நின்றது. யாளி.

அண்ணாச்சியின் கையில் ரோமம் குத்திட்டு நின்றது. "மாஸ்டர், உங்களுக்கு ஏதும் உபாசனை உண்டா?"

"எங்க வீட்ல ஜெபமாலைதான் உண்டு. இப்ப நீங்க கண்ணை மூடுங்க."

மூடினார். அவருடைய விரலும் கட்டின் ஓரத்தில் ஏறியது. வழவழவென்று போய்க்கொண்டிருந்த விரல், நடுவில் ஒரு சின்ன இடுக்கில் போய் விழுந்தது. தாழ்ப்பாள் போடாத கதவுபோல அது திறந்துகொண்டது. தூக்கித் திருப்பினார். அதே யாளிதான்.

அண்ணாச்சி அதை மட்டும் உருவி மேசையில் குப்புற வைத்தார். பூனை முதுகைத் தூக்குவதுபோல அது நடுவில் வளைந்து நின்றது.

"மத்ததெல்லாம் வெறும் அட்டை. இதுக்கு மட்டும் ஒரு பக்கம் ஜிகினா" என்றாள் மாஸ்டர். "நம்ம ஊர் ஈரக்காத்துல அட்டை உப்புது, ஜிகினா உப்பமாட்டேங்குது. அதான் வளையுது."

அண்ணாச்சிக்கு நகுலனின் விரல்கள் ஞாபகம் வந்தன. கலைத்த கட்டை எதிராளியிடம் வெட்டக் கொடுக்கவேண்டும் என்பது விதி. ஆனால் இந்த மாடியிலும் சரி, போட்டியிலும் சரி, மற்றவர்கள் யாரும் வெட்டுவதில்லை. மேலே ஒரு தட்டுத் தட்டி, "ஆடுங்க அண்ணாச்சி" என்று விட்டுவிடுவார்கள். நகுலன் ஒருவன்தான் ஓரத்தில் விரலை ஓட்டி, நிதானமாக வெட்டுவான். வெட்டினால் மேல்பாதி அடியில் போகும். மேல்பாதியின் கடைசிக் கார்டு, மொத்தக் கட்டுக்கும் கடைசிக் கார்டாகும். அது கைக்கு வருவதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும்.

"திருட்டுப்பய!"

"வெட்டுறது அவனுக்கு உள்ள பாத்தியதை. கட்டை நீட்டினது யாரு?"

அண்ணாச்சி எழுந்தார். யாளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றைக்கே அதை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, அதன்மேல் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பெரிய பித்தளை அண்டாவை ஏற்றினார். காலையில் எடுத்தபோது வாழையிலை போலத் தட்டையாகக் கிடந்தது. சந்தோஷமாகக் கடைக்குக் கொண்டுபோனார். உப்பளப் பக்கமிருந்து மதியக் காற்று வீசியது. யாளி மெல்ல முதுகைத் தூக்கியது.

அடுத்த நாளே, ஞாயிறு வரைக்கும் பொறுக்காமல், மாஸ்டரை வரச்சொல்லிவிட்டு பேக்கரி மாடிக்கு வந்துவிட்டார். முகத்தில் புது யோசனை பளிச்சென்று தெரிந்தது.

"மாஸ்டர், ஒண்ணு செஞ்சா என்ன? யாளியை எடுத்துருதேன். அதுக்குப் பதிலா ஒண்ணுக்கும் உதவாத நண்டுக்குஞ்சு கார்டை ஜிகினாவுல வாங்கி உள்ள சொருகிருதேன். பய அதுல வெட்டி ஏமாறட்டும்!"

"யாளி?"

"அது... அது வெளியில இருக்கும்."

"அப்ப இது நகுலனுக்காக அடுக்குற கட்டு. உங்களுக்கு எப்ப அடுக்கப்போறீங்க?"

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாஸ்டர் தன் தகர டப்பாவைத் திறந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினாள். கடல்கோள் யாளி. சாதா அச்சு. பாசி படிந்த கிணற்றுத் தண்ணீர் நிறம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது.

"இதுவா?" அண்ணாச்சியின் குரல் இறங்கியது. மினுங்காத சாமானை அவர் கடைக்குள் ஏற்றியதே கிடையாது. "இது என்ன மாஸ்டர், துக்க வீட்டுக்குப் போய்ட்டு வந்த யாளி மாதிரி இருக்கு."

"கீழ எழுதியிருக்கிறதைப் படிங்க."

படித்தார். பலம் அதேதான். விதி அதேதான். ஜிகினாவைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

"சபையில இதை இறக்கினா சிரிக்கமாட்டாங்களா?"

"இறங்கின பிறகு சிரிச்சவங்களை நான் பார்த்ததில்லை."

போட்டியன்று மண்டபத்தில் நல்ல கூட்டம். கடைசி மேசையில் வழக்கம்போல நகுலன் வந்து உட்கார்ந்தான்.

"வாங்கண்ணே. இந்த வருசமும் நாமதானா? யாளி சௌக்கியமா?"

"சௌக்கியமா இருக்கு தம்பி."

அண்ணாச்சி கலைத்து, கட்டை நீட்டினார். நகுலன் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே விரலை ஓட்டினான். விரல் மேலே போனது. கீழே வந்தது. மறுபடி மேலே போனது. அவன் சிரிப்பு அப்படியே இருந்தது, விரல் மட்டும் வீட்டைத் தொலைத்த எறும்புபோலத் தடுமாறியது. நடுவர் நிமிர்ந்து, "தம்பி, வெட்டு" என்றார். அவன் ஏதோ ஓரிடத்தில் வெட்டினான்.

முதல் கார்டை எடுத்தார் அண்ணாச்சி. யாளி இல்லை. அடுத்ததிலும் இல்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில் அவருக்கு வேர்க்கும். யாளி எங்கே, எங்கே என்று மனசு கட்டையே சுற்றிக்கொண்டிருக்கும். இன்றைக்குத் தன் கையில் இருந்ததைப் பார்த்தார். நண்டு ஒன்றை இறக்கினார். அது விழுந்தது. உல்லான் குருவியை இறக்கினார். அது ஒரு அடி கொடுத்துவிட்டு விழுந்தது. சின்ன மிருகங்களை இவ்வளவு நிதானமாக அவர் ஒருநாளும் ஆடியதில்லை. நகுலன் தன் பெரிய மிருகங்களை ஒவ்வொன்றாகச் செலவழித்து அவற்றைத் துரத்திக்கொண்டிருந்தான்.

பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு சுற்றில், பாசி நிறத்தில் ஒரு கார்டு மேசையில் வந்து உட்கார்ந்தது.

நகுலன் குனிந்து பெயரைப் படித்தான். இன்னொரு முறை படித்தான்.

"இது எப்பண்ணே உள்ள வந்துச்சு?"

"உள்ளதான் தம்பி இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நகுலன் தன் கார்டுகளைக் கவிழ்த்துவைத்துக் கையை நீட்டினான். "சென்னைக்கு நல்லபடியா போய்ட்டு வாங்கண்ணே" என்றான். அண்ணாச்சிக்கு அவன்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஜிகினா யாளிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் குத்துவிளக்குகளுக்கு நடுவே மாட்டிவைத்தார். விலை கேட்டவர்களிடம், அது விற்பனைக்கு இல்லை, பார்வைக்கு என்றார்.

அடுத்த ஞாயிறு பேக்கரியில் மக்ரூன் வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். மாஸ்டர் தனியாக உட்கார்ந்து கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், என் யாளி எதுன்னு ஊருக்கே தெரிஞ்சிருந்தது. இவ்வளவு நாள் உங்களோட ஆடுதேன், உங்க பெரிய கார்டு எதுன்னு எனக்குத் தெரியாது. உங்க கட்டுல அது எங்கதான் இருக்கு?"

மாஸ்டர் கலைத்த கட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"வெட்டுங்க."

அண்ணாச்சி கண்ணை மூடினார். இப்போது அவருடைய விரலுக்கும் பழக்கம் வந்திருந்தது. மேலிருந்து கீழாக ஓட்டினார். கீழிருந்து மேலாக ஓட்டினார். அறுத்த சோப்புக்கட்டிபோல எல்லாப் பக்கமும் ஒரே மட்டம். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தார்.

"எங்க இருக்கு மாஸ்டர்?"

"எனக்கும் தெரியாது, அண்ணாச்சி."