எழுத்து விழாத தகடு

“சேர்மன் நாற்காலிக்கு எனக்கு என்ன குறைச்சல்?” என்று கேட்டார் ரங்கதுரை.

பம்ப் கம்பெனியின் நிதி இயக்குநர். வயது ஐம்பத்தாறு. சேர்மன் வாரிசு சொல்லாமல் செத்துப் பதினாறு நாள். பதினோரு மணிக்கு போர்டு கூட்டம். ஐந்து ஓட்டு. அவருடையதையும் சேர்த்து இரண்டு அவருக்கு. இரண்டு சேர்மனின் மருமகனுக்கு. ஐந்தாவது ஆள் ஓய்வுபெற்ற நீதிபதி. வாயைத் திறக்கிற வழக்கமே கிடையாது.

கேட்ட இடம் சோதனைக் கொட்டகை. கேட்டது பம்புகளைச் சோதிக்கும் ஜெசிந்தாவிடம். அவருக்கு வயது நாற்பதுதான். ஆனாலும் செத்துப்போன சேர்மன் எதை முடிவு செய்வதானாலும் முதலில் இங்கே வந்து நிற்பார்.

ஓடுகிற பம்பின் மேல் ஜெசிந்தா உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு நிறுத்தினார். பெயர்த் தகட்டில் எழுத்து பொறிக்கும் பஞ்ச் உளியை வைத்து, சுத்தியலால் ஒரே அடி.

‘ஜெ’.

அந்தக் கம்பெனி வழக்கம் அது. சோதித்தவர் தன் எழுத்தை அடிக்க வேண்டும். பம்ப் மக்கர் செய்தால் அந்த எழுத்துக்காரர்தான் விவசாயியின் கிணற்றடிக்குப் போய் நிற்க வேண்டும்.

“இருபது வருசமாப் போறேன். ஒரு கிணத்துக்கும் தலைகுனிஞ்சு போனதில்லைங்க சார்.”

ரங்கதுரை தன் பெருமையைச் சொன்னார். மலிவு மாடலைக் கொண்டுவந்தது அவர். எட்டு மாதத்தில் முந்நூறு போயிருக்கிறது. மருமகன் என்ன கிழித்தான், ரிப்பன் வெட்டினான்.

அந்த மாடல் மூலையில் வரிசையாக நின்றது. ஜெசிந்தா கையைக் காட்டினார். ஒரு தகட்டிலும் எழுத்து இல்லை.

“ஏன் அடிக்கல?”

“யாரும் அடிக்க மாட்டேன்னுட்டாங்க. உள்ள சுத்துன கம்பி சன்னம், சீக்கிரம் கருகிடும்.”

கம்பியைச் சன்னமாக்கச் சொன்னவரே ரங்கதுரைதான்.

ஜெசிந்தா சுத்தியலை நீட்டினார். “நீங்க அடிங்க சார்.”

வாங்கினார். ‘ர’வைத் தேடி எடுத்துத் தகட்டில் வைத்தார். ஓங்கினார்.

கை இறங்கவில்லை.

கூட்டத்தில் மருமகன் அரை மணி நேரம் பேசினான். திரையில் படம் காட்டினான்.

ரங்கதுரை அந்தத் தகட்டைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார். பஞ்ச் உளியோடு மேசையில் வைத்தார். இது என் மாடல், என் எழுத்தை இதில் அடிக்க எனக்கே கை வரவில்லை, இன்றோடு நிறுத்துகிறேன் என்றார். அவர் பக்கம் இருந்த ஓட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நீதிபதி தகட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“வெளிய போன முந்நூறுக்கும் யார் போறது?”

“நான்.”

நீதிபதி ரங்கதுரைக்காகக் கையைத் தூக்கினார். தலையில் கை வைத்தவர் மறு கையைத் தூக்கினார்.

புதிய சேர்மன் நிமிர்ந்த நடையில் கொட்டகைக்கு வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஜெசிந்தா வாழ்த்தவில்லை. ஸ்பேனர் பையை நீட்டினார்.

“முதல் கிணறு பல்லடத்துலங்க, சேர்மன் சார்.”