ஆமை நலமா என்று கேட்ட பானை

மீசைக்கு எண்ணெய் தடவவே தனி ஆள் வைத்திருந்த ராஜா ஒருவன், வெகு காலத்துக்கு முன்னால் வேம்பூர் நாட்டை ஆண்டுகொண்டிருந்தான். பெயர் கனகவர்மன். காலையில் ஒருத்தனைக் கட்டிப்பிடிப்பான், மத்தியானம் அவனையே நாடு கடத்துவான். அவன் குரல் தழைவது ஒரே பேச்சில்தான்: போன வருஷம் செத்துப்போன அப்பாவைப் பற்றி.

ஒருநாள் நெஞ்சு மறைய தாடியும் கையில் மண்பானையுமாகக் கலயச் சித்தர் என்று ஒருவர் வந்தார். பானையைச் சபை நடுவே வைத்தார். அதற்குள்ளிருந்து கிணற்றுத் தவளை மாதிரி ஒரு குரல் கிளம்பியது.

“கனகூ... இன்னும் ஒருக்களிச்சுத்தான் படுக்கிறியா?”

ராஜா சிம்மாசனத்தை விட்டே இறங்கிவிட்டான். அவனைக் கனகு என்று கூப்பிட்டவர் அவன் அப்பா ஒருவர்தான். சித்தரின் வாய் அசைந்ததா? யாருக்குத் தெரியும், தாடி அவ்வளவு அடர்த்தி.

மூன்று நாள் பழங்கதை பேசிய பானை, நாலாம் நாள் விஷயத்துக்கு வந்தது. “கனகூ... மந்திரி செங்கோடனை நாடு கடத்து. மழவராயனை மந்திரியாக்கு.”

மழவராயர் அந்த மந்திரி ஆசனத்தையே பார்த்துப் பதினைந்து வருஷம் பெருமூச்சு விட்ட சபைப் பிரபு. “ஐயய்யோ, எனக்கெதுக்கு மகாராஜா பதவியெல்லாம்” என்று இழுத்தார். கை மட்டும் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டது.

“நாளை உச்சிவேளைக்குள் செங்கோடன் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்” என்றான் ராஜா.

செங்கோடன் நேராக நாச்சியிடம் போனார். பெரிய ராஜாவுக்கும் அவர் மகனுக்கும் வெற்றிலை மடித்துக் கொடுத்தவள் அவள்.

“பானை பேசுமா நாச்சி?”

“அது தெரியாது மந்திரியாரே. ஆனா யாரோ பானைக்குப் பாடம் சொல்லித் தர்றாங்க. நான் ஒரு பொய்யைக் கிள்ளிப் போடறேன், எந்த வாயில முளைக்குதுன்னு பாப்போம்.”

மறுநாள் காலை மழவராயருக்கு வெற்றிலை கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினாள். “உங்ககிட்ட மட்டும் சொல்றேன் சாமி. பெரிய ராஜா ரகசியமா ஒரு ஆமை வளத்தாரு. பேரு சுந்தரி. அதுக்குத் தாலாட்டெல்லாம் பாடுவாரு.”

சபை கூடியது. பானை கரகரத்தது. “கனகூ... என் ஆமை சுந்தரி நலமா?”

ராஜா முழித்தான். “ஆமையா? அரண்மனைக்குள் ஆமைப் படம்கூட ஆகாது என்பாரே அப்பா?”

நாச்சி முன்னால் வந்தாள். “அதை அப்புறம் கேக்கலாம் மகாராஜா. சித்தருக்கு இன்னும் உங்க கையால தாம்பூலம் தரலியே.”

வேம்பூரில் ராஜா கையால் கொடுத்த தாம்பூலத்தை அப்படியே வாயில் போட்டு மென்று முடிக்க வேண்டும். சபையில் துப்பினால் சிறை. நாச்சி பன்னிரண்டு வெற்றிலையை ஒரே மடிப்பாக மடித்து, கொட்டைப்பாக்கு நாலைத் திணித்திருந்தாள். ராஜா அதை நீட்ட, வாங்கிப் போட்ட சித்தரின் கன்னம் இரண்டும் உப்பின. தாடிக்குள் கடக், கடக்கென்று சத்தம்.

“இப்ப அப்பாவைக் கூப்பிடுங்க மகாராஜா.”

“அப்பா?”

பானை பேசவில்லை.

“அப்பா, செங்கோடன் போகட்டுமா?”

பானை கம்மென்றிருந்தது. சித்தருக்குக் கண் பிதுங்கியது. சபையே பானையையும் தாடியையும் மாறி மாறிப் பார்த்தது. உச்சிவேளை மணி அடிக்கப்போகிறது. மழவராயருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“யோவ், துப்பிட்டுப் பேசுய்யா” என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அங்கவஸ்திரம் நழுவியதைக்கூட எடுக்கவில்லை.

“ஆமை பொய் மகாராஜா. நான் விட்டது. இவர் ஒருத்தர் காதுலதான் விட்டேன்” என்றாள் நாச்சி.

சித்தர் மென்றபடியே சிறைக்குப் போனார். மழவராயருக்கு ராஜா புது உத்தியோகம் கொடுத்தான்: தினமும் சபை கூடியதும் அந்தப் பானை முன் குனிந்து “சுந்தரி நலமா?” என்று கேட்க வேண்டும். செங்கோடன் தன் ஆசனத்தில் உட்கார்ந்தார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நாச்சியிடம் நீட்டினான். ஆனால் மாலையிலிருந்து பிடியை விடவில்லை.

“நாச்சி, கடைசி நாளில் நீதானே பக்கத்தில் இருந்தாய். அப்பா நிஜமாகவே என்ன சொன்னார்?”

நாச்சி கொஞ்சம் யோசித்தாள்.

“சுண்ணாம்பு ஜாஸ்தின்னாரு, மகாராஜா.”

ராஜா சிரித்தான். எண்ணெய் தடவிய மீசை நனையும்வரை சிரித்தான்.